கைப்பிடியைச் சுழற்றிய கைகள்

காப்பியின் வரலாற்றை எழுதியோர் மன்னர்களின் தடைச் சட்டங்களைப் பற்றி எழுதினர். காப்பிக் கடைகளில் கூடிய கவிஞர்களையும் கலகக்காரர்களையும் பற்றி எழுதினர். கப்பல்கள், தோட்டங்கள், சந்தை விலைகள் ஆகியவற்றைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினர். ஆனால் வறுத்த கொட்டைக்கும் கோப்பையில் ஊற்றப்படும் பானத்திற்கும் இடையே நிற்கும் ஒரு சிறு கருவியை அவர்களில் பலர் ஓரிரு வரிகளில் கடந்து போயினர். கையால் சுழற்றி அரைக்கும் சிறு திரிகையையே நாம் குறிப்பிடுகிறோம். அது இல்லையேல் காப்பிக் கொட்டை வெறும் விதைதான். தேயிலையைப் போல் கொதிநீரில் அப்படியே இட்டுச் சாறு இறக்க அதனால் முடியாது. வறுபட்ட கொட்டை கடினமானது. அதன் மணமும் எண்ணெய்ச் சத்தும் உள்ளே எண்ணற்ற நுண்ணறைகளில் சிறைப்பட்டுக் கிடக்கின்றன. உடைத்தால் அன்றி அவை வெளிவாரா. உடைத்த பின்னரோ, நெடுநேரம் தங்கவும் மாட்டா. ஆதலின் கொட்டையை யார், எப்போது, எங்கே உடைப்பது என்னும் கேள்வி காப்பி அருந்தும் பழக்கத்தோடு கூடவே பிறந்தது எனலாம். இக்கட்டுரையில் அக்கேள்வியின் வழியே சிறிது தூரம் நடந்து பார்ப்போம்.

முதலில் உரலும் உலக்கையும் இருந்தன. அரேபியப் பாலைநிலத்து நாடோடி மக்களின் கூடாரங்களில் இன்றும் அவற்றைக் காணலாம். பித்தளை உரலும் உண்டு. மரத்தைக் குடைந்து, பூவேலை செதுக்கிய 'மிஹ்பாஷ்' என்னும் உரலும் உண்டு. அங்கே காப்பி இடிப்பது ஆண்களின் வேலை. பெரும்பாலும் விருந்தோம்புபவரே இடிப்பார், அல்லது அவர் மகன் இடிப்பான். உலக்கை உரலின் அடியிலும் விளிம்பிலும் மாறி மாறிப் பட்டு எழுப்பும் தாளம் அண்டைக் கூடாரங்களுக்கும் வழிப்போக்கருக்கும் அழைப்பாகும். ஒலி கேட்டவர் உள்ளே வரலாம். வந்தவரை யாரென்று கேட்கும் முன்னரே கோப்பை நீட்டப்படும். 2015-இல் ஐக்கிய நாடுகளின் கல்வி, அறிவியல், பண்பாட்டு அமைப்பு அரபுக் காப்பியை மானிடத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாகப் பட்டியலில் சேர்த்தபோது, ஐக்கிய அரபு அமீரகம், சவூதி அரேபியா, ஓமான், கத்தார் ஆகிய நான்கு நாடுகளும் இவ்விருந்தோம்பலையே முன்னிறுத்தின. வீட்டுத் தலைவனே இடித்துக் கொடுக்கும் இப்பானத்தை நாம் மனத்தில் கொள்ள வேண்டும். பிற்கால வரலாற்றில் இந்த வேலை வேறு பல கைகளுக்கு மாறப் போகிறது.

உரலிலிருந்து திரிகைக்கு வந்த மாற்றம் உதுமானியப் பேரரசில் நிகழ்ந்தது. இஸ்தான்புல் நகரத்திற்குக் காப்பிக் கடை வந்தது 1555-ஐ ஒட்டிய ஆண்டுகளில். அலெப்போ நகரத்தவர் ஒருவரும் தமாஸ்கு நகரத்தவர் ஒருவரும் அதைத் தொடங்கினர் என்று உதுமானிய வரலாற்றாசிரியர் பெச்சேவி குறித்துள்ளார். துருக்கியர் காப்பித் தூளை வடிகட்டாமல் சிறு செம்புப் பாத்திரத்தில் நீருடன் சேர்த்தே கொதிக்க வைப்பர். எனவே தூள் மாவினும் மென்மையாய் இருந்தாக வேண்டும். இல்லையேல் நாவில் நெறுநெறுக்கும். உரலில் இடித்து இந்த மென்மையை எய்துவது கடினம். நறுமணப் பொருள்களை அரைக்கப் பயன்பட்ட சிறு திரிகை இதற்கு வழிகாட்டியது. ஒரு சாண் நீளமுள்ள பித்தளைக் குழாய். மேற்பாதியில் கொட்டை, நடுவில் பல்வரி செதுக்கிய எஃகுக் கூம்பு, கீழ்ப்பாதியில் தூள் விழும் அறை. கைப்பிடி மடங்கும், வேலை முடிந்ததும் கழற்றிக் குழாய்க்குள்ளேயே வைத்துவிடலாம். ஒட்டகத்தின் பொதியிலும் குதிரை வீரனின் சேணப் பையிலும் அது பயணம் செய்தது. இன்றைக்குப் பயணிகளுக்கென்று விற்கப்படும் கைத்திரிகைகளின் வடிவத்தைப் பார்த்தால், பல நூற்றாண்டுகளுக்கு முன் அந்தக் கம்மியர்கள் கண்ட வடிவத்திலிருந்து அடிப்படையில் எதுவும் மாறவில்லை என்றே சொல்ல வேண்டும்.

கருவி சிறியதாயினும் அரசின் கண் அதன் மேல் இருந்தது. தலைநகரில் காப்பியை வறுத்து அரைப்பதற்கென்று தனி நிலையங்கள் இருந்தன. அங்கே வரி வசூலானது. 'தஹ்மிஸ்' என்னும் அச்சொல் இன்றும் இஸ்தான்புல்லில் ஒரு தெருவின் பெயராய் நிலைத்துள்ளது. சுல்தான் நான்காம் முராத் 1633-இல் காப்பிக் கடைகளை மூடச் செய்தார். கடையை மூடலாம், வீட்டுக்குள் சுழலும் சிறு குழாயை என் செய்வது?

ஐரோப்பாவிற்குக் காப்பி சென்ற கதையைச் சொல்லும்போது, திருத்தந்தை எட்டாம் கிளமெண்ட் அதைச் சுவைத்துப் பார்த்து, இவ்வளவு இனிய பானத்தைப் பிற மதத்தார்க்கே விட்டுவிடுவதா என்று கூறி ஆசி வழங்கியதாக ஒரு செய்தியை நம்மவர் சொல்லி மகிழ்வதுண்டு. அவர் திருத்தந்தையாய் இருந்த 1592 முதல் 1605 வரையான காலத்தின் ஆவணம் எதையும் இதற்குச் சான்றாக யாரும் காட்டியதில்லை. சுவையான கதை, அவ்வளவே. மறையுரையில் இதைப் பயன்படுத்த விரும்பும் உடன் குருக்கள் கவனத்தில் கொள்வார்களாக!

உறுதியாகச் சொல்லக்கூடியது வேறு. காப்பி ஐரோப்பிய வீடுகளுக்குள் நுழைந்ததும் துருக்கியக் குழாய்த் திரிகை அங்கே மரப்பெட்டித் திரிகையாக உருமாறியது. சதுரப் பெட்டி; மேலே கொட்டைக்கான கிண்ணம்; கீழே தூள் விழும் இழுப்பறை. பெட்டியை மடியில் வைத்து முழங்கால்களுக்கு இடையே இறுக்கிக்கொண்டு கைப்பிடியைச் சுழற்ற வேண்டும். இந்த வேலை இல்லத்தரசிக்கோ, வேலைக்காரிக்கோ, வீட்டுச் சிறுவருக்கோ உரியதாயிற்று. கூடாரத்தின் தலைவன் பெருமையோடு செய்த பணி, ஐரோப்பிய அடுக்களையில் யாரும் பார்க்காத பணியாயிற்று.

பிரஷ்ய மன்னர் இரண்டாம் பிரடெரிக்கின் கதை இங்கே நினைக்கத் தக்கது. வெளிநாட்டுக் காப்பிக்காகப் பணம் நாட்டை விட்டுப் போவதை அவர் பொறுக்கவில்லை. 1781-இல் காப்பி வறுக்கும் உரிமையை அரசுடைமையாக்கினார். உரிமம் பெற்ற சிலரைத் தவிர வேறு எவரும் வறுக்கலாகாது. சட்டத்தை நிறைவேற்றப் போரில் ஊனமுற்ற பழைய வீரர்கள் அமர்த்தப்பட்டனர். தெருத் தெருவாய் நடந்து, எந்த வீட்டிலிருந்து வறுத்த மணம் வருகிறது என்று மோப்பம் பிடிப்பதே அவர்கள் பணி. மக்கள் அவர்களைக் 'காப்பி மோப்பக்காரர்' என்றே அழைத்தனர். மன்னர் 1786-இல் இறந்த பின்னர் அச்சட்டம் நெடுநாள் நிற்கவில்லை.

பெட்டித் திரிகையைத் தொழிற்சாலைப் பொருளாக்கியவர்களுள் முன்னணியில் நின்றவர்கள் கிழக்குப் பிரான்சைச் சேர்ந்த பெஜோ குடும்பத்தார். 1810-இல் தங்கள் தானிய ஆலையை எஃகு வார்ப்பாலையாக மாற்றிய அவர்கள், வாள் இலைகளையும் சுருள் கம்பிகளையும் செய்தனர். 1840-இல் காப்பித் திரிகை செய்தனர். 1874-இல் மிளகுத் திரிகை செய்தனர். சாலையில் ஓடும் ஊர்தியைச் செய்தது 1889-இல்தான். ஆகவே இன்று மோட்டார் வண்டிகளால் அறியப்படும் அப்பெயரை அடுக்களைகள் அரை நூற்றாண்டு முன்னரே அறிந்திருந்தன. ஜெர்மனியில் 1867-இல் தொடங்கிய சாசன்ஹாஸ் நிறுவனமும் இவ்வாறே மரப்பெட்டித் திரிகைகளால் பெயர் பெற்றது. அமெரிக்காவில் காப்பித் திரிகைக்கென 1798-இல் காப்புரிமை பெற்ற தாமஸ் புரூஃப் ஒரு பல் மருத்துவர்! கடைவாய்ப் பல்லின் அரைக்கும் திறனை அறிந்தவர் திரிகை செய்ய முற்பட்டதில் ஒரு பொருத்தம் இருக்கத்தான் செய்கிறது.

வீட்டில் அரைப்பதற்கு மணம் மட்டுமே காரணமன்று. நேர்மையும் காரணம். 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் இலண்டன் கடைகளில் விற்ற காப்பித் தூளை ஆர்தர் ஹாஸல் என்னும் மருத்துவர் நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்த்தார். 1851 முதல் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளிவந்த அவருடைய அறிக்கைகள் நாட்டையே உலுக்கின. தூய காப்பி என்று எழுதி விற்கப்பட்டவற்றில் பெரும்பாலானவற்றில் சிக்கரி கலந்திருந்தது. வறுத்த தானியமும் பிறவும்கூட இருந்தன. கொட்டையில் கலப்படம் செய்வது கடினம். தூளில் செய்வது எளிது. விலை உயர்ந்த கண்ணாடிக் கருவி வாங்க இயலாத ஏழைக் குடும்பத்திற்குக் கைத்திரிகை ஒன்றே கலப்படத்திற்கு எதிரான காவல்.

இனி, நம் உள்ளத்தை மிகவும் தொட்ட செய்திக்கு வருவோம். அது கிரிமியப் போர்.

1854 செப்டம்பரில் பிரித்தானியப் படை கிரிமியத் தீபகற்பத்தில் கரையிறங்கி, செவஸ்தபோல் கோட்டையை முற்றுகையிட்டது. இலையுதிர் காலத்துக்குள் போர் முடிந்துவிடும் என்று எண்ணியவர்கள் குளிர்காலத்திற்கு எதையும் ஆயத்தம் செய்யவில்லை. நவம்பர் 14-ஆம் நாள் வீசிய புயல் பலக்லாவா துறைமுகத்துக்கு வெளியே நின்ற கப்பல்களை நொறுக்கியது. குளிர் உடைகளும் தீவனமும் கடலுக்குள் போயின. சேறும் பனியும் நிறைந்த மேட்டு நிலத்தில், கிழிந்த கூடாரங்களில், இரவெல்லாம் பதுங்கு குழியில் நின்று திரும்பிய வீரனுக்குப் படைத்துறை வழங்கிய உணவு உப்பிட்ட இறைச்சி, கடினமான பிஸ்கோத்து, ஒரு மிடறு ரம், ஒரு பிடி காப்பி. அந்தக் காப்பியோ பச்சைக் கொட்டை! வறுக்காதது, அரைக்காதது. வறுக்கச் சட்டியில்லை, அரைக்கத் திரிகையில்லை, எரிக்க விறகில்லை. சுற்றிலும் இருந்த புதர்களை வெட்டித் தீர்த்த பின்னர், வீரர்கள் உறைந்த மண்ணைத் தோண்டி வேர்களை எடுத்து எரித்தனர். உணவுத் தட்டின் மூடியில் கொட்டையைக் கருக்கினர். பின்பு வெடித்துச் சிதறிய குண்டின் துண்டை உரலாகவும் பீரங்கிக் குண்டை உலக்கையாகவும் வைத்து இடித்தனர். இடிக்கவும் வலுவற்றவர்கள் கொட்டையை வீசி எறிந்துவிட்டு, குளிர்ந்த நீரும் உப்பிறைச்சியும் உண்டு படுத்தனர்.

இதற்குப் பொறுப்பாளரைத் தேடினால் கிடைக்கமாட்டார். படைகளுக்கு உணவு வழங்கும் துறைக்குத் தலைவராய் இருந்தவர் வில்லியம் ஃபில்டர். அவர் கொடியவர் அல்லர், கணக்கில் கவனமானவர். பச்சைக் கொட்டை ஈரக் காற்றில் கெடாது, வறுத்ததோ கப்பலிலேயே மணம் இழந்துவிடும் என்பது அவர் தந்த விளக்கம். அந்த விளக்கத்தில் உண்மை உண்டு. எந்தக் காப்பி வணிகரும் அதை ஒப்புக்கொள்வார். ஆனால் கூடாரத்தில் நடுங்கிக்கொண்டிருந்தவனிடம் அந்த உண்மையால் என்ன பயன்? கருங்கடலின் மறு கோடியில் இஸ்தான்புல் இருந்தது. இவ்வீரர்கள் காயம்பட்டால் கொண்டு செல்லப்பட்ட ஸ்குத்தாரி மருத்துவமனையும் அந்நகரத்தில்தான் இருந்தது. உலகில் வேறெங்கும் விடக் காப்பியை வறுக்கவும் அரைக்கவும் தெரிந்த நகரம் அது. மடக்குக் கைப்பிடி கொண்ட பித்தளைத் திரிகைகள் அதன் சந்தைகளில் கிடைத்தன. கப்பல்களோ அவ்வழியாகவே வந்து போயின.

1855-இல் சர் ஜான் மக்னீல், கர்னல் அலெக்சாண்டர் டுல்லோக் ஆகிய இருவரும் விசாரணைக்காக அனுப்பப்பட்டனர். பச்சைக் காப்பிக் கொட்டை வழங்கியதை அவர்கள் அறிக்கை கண்டித்தது. பொருள்கள் துறைமுகத்தில் இருந்தும் வீரர்க்குப் பயன்படும் நிலையில் அவர்களை அடையவில்லை என்பதே அவர்கள் கண்ட முடிவின் சாரம். 1856-இல் செல்சியில் கூடிய படைத்தலைவர்கள் குழு குற்றம் சாட்டப்பட்ட அதிகாரிகளை விடுவித்து, தீவனம் அனுப்பத் தவறிய கருவூலத் துறையின் மேல் பழியைப் போட்டது. அப்போரில் மாண்ட பிரித்தானிய வீரர்கள் ஏறத்தாழ 21,000 பேர். பெரும்பான்மையோர் பகைவன் கையால் அல்ல, நோயால் மாண்டனர். அவர்கள் அனைவரையும் காப்பி காப்பாற்றியிருக்கும் என்று சொல்ல மாட்டோம். காய்கறியும் உடையும் கூரையும் இல்லாமையே பெரிய காரணங்கள். ஆயினும் கணக்கேட்டில் 'காப்பி வழங்கப்பட்டது' என்று எழுதி மை காய்ந்த பின்னர், அந்தக் காப்பி எவர் வயிற்றையும் சென்று சேரவில்லை என்பதை எண்ணும்போது, கொடுத்தல் என்பது எங்கே முடிகிறது என்னும் கேள்வி நம்மை விடுவதில்லை. ஆலைக்கல்லை அடகாக வாங்கலாகாது என்று இணைச்சட்ட நூல் கட்டளையிடுவதன் பொருளை வகுப்பறையில் படித்தபோது விளங்கியதைவிட, இந்தப் போரின் வரலாற்றைப் படித்தபோதே நமக்கு நன்றாக விளங்கியது. தானியம் இருந்தும் திரிகை இல்லாதவனுக்கு உணவு இல்லை.

அதே ஆண்டுகளில் பிரித்தானியருக்குக் காப்பி அனுப்பிய பெரும் விளைநிலங்களுள் ஒன்று இலங்கையின் கண்டி மலைநாடு. அங்கே காடழித்துக் காப்பி நட்டவர்களும் பழம் பறித்தவர்களும் நம் மக்கள். மதுரை, இராமநாதபுரம், திருச்சிராப்பள்ளிச் சீமைகளிலிருந்து மன்னார் கடந்து, மாத்தளை நோக்கிக் காட்டுவழியே கால்நடையாகச் சென்றனர். காலராவாலும் காய்ச்சலாலும் பசியாலும் அவ்வழியில் விழுந்தவர்கள் ஆயிரக்கணக்கானோர். 1869-இல் காப்பி இலையில் தோன்றிய துரு நோய் அடுத்த இருபது ஆண்டுகளில் அத்தோட்டங்களை அழித்து, தேயிலைக்கு வழிவிட்டது. ஒரு கொட்டையின் பின்னால் கைப்பிடியைச் சுழற்றும் கைக்கும் முன்னதாக இத்தனை கைகள் இருந்தன என்பதைச் சொல்லாமல் கடந்து போக மனம் வரவில்லை.

கிரிமியாவின் பாடத்தை அமெரிக்கர் ஓரளவு கற்றிருந்தனர். 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போரில், வட மாநிலப் படையின் உணவுத் திட்டம் நூறு பங்குக்குப் பச்சைக் காப்பி 10 பவுண்டு அல்லது வறுத்தரைத்த காப்பி 8 பவுண்டு என வகுத்திருந்தது. பல படைப்பிரிவுகளுக்குக் கொட்டையாகவே கிடைத்தது. வீரர்கள் அதைத் துப்பாக்கிக் கட்டையால் வாளியில் இடித்தும் கல்லிடையே நசுக்கியும் தூளாக்கினர். தூளாக வந்தால் ஒப்பந்தக்காரர் எதைக் கலந்தாரோ என்ற ஐயமும் அவர்களுக்கு உண்டு. துறைமுகங்கள் அடைபட்டிருந்த தென் மாநிலத்தாருக்கோ காப்பியே இல்லை. கம்புத் தானியத்தையும் ஓக் கொட்டையையும் சர்க்கரைவள்ளிக் கிழங்கையும் வறுத்து அரைத்துக் குடித்தனர்.

அப்போரைப் பற்றி ஒரு விந்தைச் செய்தி பரவலாக வழங்குகிறது. ஷார்ப்ஸ் நிறுவனத்துக் குதிரைப்படைத் துப்பாக்கிகள் சிலவற்றின் மரக்கட்டையில் ஒரு திரிகையும் கைப்பிடியும் பொருத்தப்பட்டிருந்தன. இது காப்பி அரைப்பதற்கே என்று நெடுங்காலம் சொல்லப்பட்டு வந்தது. பின்னாளில் ஆய்ந்தவர்கள் அது காப்பியைச் சரிவர அரைப்பதில்லை என்றும் தானியத்துக்காகவே செய்யப்பட்டிருக்கலாம் என்றும் கருதுகின்றனர். இதற்கு மறுதலையாக, கைப்பிடியைச் சுழற்றிச் சுடும் ஏகர் என்னும் துப்பாக்கியை 1861-இல் பார்த்த குடியரசுத் தலைவர் லிங்கன் அதைக் 'காப்பித் திரிகைத் துப்பாக்கி' என்று அழைத்தார். குண்டுகளைக் கொட்டும் கிண்ணமும் கைப்பிடியும் அவ்வாறே இருந்தன. அந்தப் பெயரே நிலைத்தது. அடுக்களைக் கருவியின் பெயரைக் கொலைக் கருவிக்குச் சூட்டுவது மனிதருக்கு எத்துணை எளிதாக இருக்கிறது!

1862 செப்டம்பர் 17 அன்று ஆன்டீட்டம் போர்க்களத்தில், குண்டுமழைக்கு நடுவே தம் படைப்பிரிவினர்க்குச் சூடான காப்பியும் உணவும் வண்டியில் கொண்டு சென்ற 19 வயது உணவுப்பிரிவு சார்ஜன்ட் வில்லியம் மக்கின்லி. அவரே 1897-இல் அமெரிக்காவின் குடியரசுத் தலைவரானார். 1903-இல் அக்களத்தில் அவருக்கு எழுப்பிய நினைவுச் சின்னத்தில் காப்பி வழங்கும் காட்சி செதுக்கப்பட்டுள்ளது.

போர் முடிந்த பின் மேற்குப் புல்வெளிகளில் மாடு ஓட்டிச் சென்றவர்களுக்காக 1866-இல் சார்லஸ் குட்நைட் என்னும் பண்ணையார் சமையல் வண்டி ஒன்றை அமைத்தார். அவ்வகை வண்டிகளின் பக்கப் பலகையில் காப்பித் திரிகை ஒன்று இறுக்கி முடுக்கப்பட்டிருக்கும். அவர்கள் குடித்தது பெரும்பாலும் பிட்ஸ்பர்க் வணிகர் ஜான் ஆர்பக்கிள் விற்ற காப்பி. வறுத்த கொட்டையின் மேல் முட்டையும் சர்க்கரையும் கலந்த பூச்சிட்டு மணத்தை அடைத்து வைக்கும் முறைக்கு அவர் 1868-இல் காப்புரிமை பெற்றார். ஒவ்வொரு பையிலும் ஒரு புதினா மிட்டாய்க் குச்சி இருக்கும். சமையற்காரர் மாலையில் “மிட்டாய் யாருக்கு வேண்டும்?” என்று குரல் கொடுத்தால், முரட்டு மாட்டுக்காரர்கள் ஓடி வருவார்களாம், மிட்டாய்க்குக் கூலியாகத் திரிகையைச் சுழற்ற வேண்டும். அரபுக் கூடாரத்தில் பெருமையாகவும் ஐரோப்பிய வீட்டில் கடமையாகவும் இருந்த வேலை இங்கே ஒரு மிட்டாய்க்கு விலை போயிற்று. இதில் குறை காண நமக்கு மனமில்லை.

பின்னர் கைத்திரிகை மெல்ல மெல்ல ஓய்ந்தது. இஸ்தான்புல்லிலேயே 1871-இல் மெஹ்மெத் எஃபெந்தி என்பவர் வறுத்து அரைத்த தூளைப் பொட்டலமாக விற்கத் தொடங்கினார். அக்கடை இன்றும் அதே தஹ்மிஸ் தெருவில் இருக்கிறது. 1938-இல் நெஸ்லே நிறுவனத்தின் கரையும் காப்பி வந்தது; இரண்டாம் உலகப் போர் அதை உலகமெங்கும் கொண்டு சென்றது. மின்சாரமும் வந்தது.

தமிழ்நாட்டில் காப்பி பரவியது 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும்தான். பழைய சோற்றுத் தண்ணீரின் இடத்தை அது பிடித்ததைக் கண்டு பெரியவர்கள் பதறியதையும் பத்திரிகைகள் கண்டித்து எழுதியதையும் வரலாற்றாசிரியர் ஆ. இரா. வேங்கடாசலபதி விரிவாக ஆய்ந்துள்ளார். வடிகட்டியும் டவரா தம்ளரும் வந்த வீடுகளில் கூடவே திரிகையும் வந்தது. நாம் அதைத் திரிகை என்று அழைக்கவில்லை. 'காப்பி மிஷின்' என்றோம். வார்ப்பிரும்பில் செய்த கனத்த பொருள். மேசை விளிம்பிலோ பெஞ்சுப் பலகையிலோ திருகால் முடுக்கி வைத்திருப்பார்கள். பிளாண்டேஷனும் பீபரியும் இத்தனைக்கு இத்தனை என்று அளந்து வாங்கிய பச்சைக் கொட்டை இரும்புச் சட்டியில் வறுபடும் மணம் தெருக்கோடி வரை போகும். விடியலில் அந்த மிஷினின் கரகர ஒலியே பல வீடுகளில் எழுப்பும் மணி. நம் இளமையில் கண்ட வீடுகளில் அதைச் சுழற்றியவர்கள் பாட்டிமாரும் மருமகள்களும் விடுமுறைக்கு வந்த பிள்ளைகளுமே. அரைத்தவர் கடைசியில் குடித்தார். சில வீடுகளில் இரண்டாம் இறக்கலைத்தான் குடித்தார். முதல் இறக்கல் எவருக்குப் போயிற்று என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை. தெருமுனையில் மின்சார அரவைக் கடை வந்தபோது அந்தப் பெண்கள் மகிழ்ந்திருப்பார்களே அன்றி, மரபு போயிற்றே என்று வருந்தியிருக்க மாட்டார்கள். பழமையைப் போற்றி எழுதும் நம்மைப் போன்றோர் இதை மறக்கலாகாது.

இப்போது கைத்திரிகை திரும்பி வந்திருக்கிறது. ஜப்பானின் ஹரியோ, போர்லெக்ஸ் போன்ற நிறுவனங்கள் பீங்கான் பற்கள் கொண்ட சிறு திரிகைகளைச் செய்கின்றன. ஜெர்மனியின் கமாண்டன்டே, தைவானின் ஒன்-சீ-பிரெஸ்ஸோ ஆகியவை துல்லியமாகக் கடைந்த எஃகுக் கூம்பை உருளைக்குள் பொருத்தித் தருகின்றன. அரைவையின் நுண்மையைக் 'கிளிக்' ஒலியோடு நகரும் ஒரு திருகால் படிப்படியாக மாற்றலாம். பழைய வார்ப்பிரும்பு மிஷினில் அச்சு சற்று ஆடும். அதனால் மாவும் நொய்யும் கலந்தே விழும். நொய்யில் சாறு இறங்காது. மாவில் கசப்பு மிகும். புதியவற்றில் அச்சை இரு முனைகளிலும் தாங்கிப் பிடித்திருப்பதால் தூள் ஏறத்தாழ ஒரே அளவில் விழுகிறது. விலையின் பெரும்பகுதி இதற்காகத்தான்.

நாமும் ஒன்று வைத்திருக்கிறோம். பங்குத் தளங்களுக்கும் தியானங்களுக்கும் செல்லும் பயணங்களில் அது நம் பையில் சிறு பித்தளை வடிகட்டியோடு சேர்ந்து வருகிறது. 20 கிராம் கொட்டை அதன் கொள்ளளவு. நம் வடிகட்டிக்கு ஏற்ற நடுத்தர நுண்மையில் அரைக்க ஒன்றரை நிமிடம் பிடிக்கிறது. திரிகையைச் சற்றுச் சாய்த்துப் பிடித்தால் கொட்டை சிறிது சிறிதாக விழும், கைக்கு எளிது. கொட்டையின் மேல் ஒரு சொட்டு நீர் தெளித்துக் குலுக்கிய பின்னர் அரைத்தால் தூள் பாத்திரச் சுவரில் ஒட்டாது. இது வெறும் கைப்பழக்கம் என்றே எண்ணியிருந்தனர்; 2023-இல் அமெரிக்காவின் ஒரிகன் பல்கலைக்கழகத்து வேதியியலார், எரிமலைச் சாம்பலில் மின்னல் தோன்றுவதை ஆராய்வோருடன் சேர்ந்து அளந்து பார்த்தனர். உராய்விலும் உடைவிலும் தூளில் மின்னூட்டம் ஏறுகிறது, ஈரம் அதைக் குறைக்கிறது, தூள் கட்டி சேராததால் சாறும் திண்மையாய் இறங்குகிறது என்று கண்டனர். சிக்கரி விரும்புவோர் அதைத் திரிகையில் இட வேண்டாம். ஈரத்தை இழுத்துப் பல்லிடுக்கில் பசையாய் அப்பிக்கொள்ளும். தூளாக வாங்கித் தனியே கலப்பதே முறை. எஃகுப் பற்களை நீரில் கழுவவும் கூடாது. காய்ந்த தூரிகை போதும்.

இரவு இரயிலில் விடியற்காலையில் இதை எடுத்துச் சுழற்றினால், எதிர் இருக்கையில் இருப்பவர் கட்டாயம் கேட்பார்: “ஃபாதர், இது என்ன, மிளகு மிஷினா?” காப்பி என்றதும் கை நீட்டி வாங்கிச் சிறிது நேரம் தாமே சுழற்றிப் பார்ப்பார். நாம் அவரைத் தடுப்பதில்லை. வெந்நீர்க் குடுவையைத் திறந்து, இரண்டாவது தம்ளரை எடுத்து வைக்கிறோம்.